ரேஸ் முடிந்த நாய்களுக்கு வீடு தேடும் காப்பகம்: குறையும் நிறையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைக் கீழே கொட்டியிருக்கிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள். கிழக்கு லண்டனைத் தாண்டி எசெக்ஸ் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிறது இந்தக் காப்பகம். ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்களை மட்டும்தான் எடுக்கிறார்கள். பல் சுத்தம், கருத்தடை, தடுப்பூசி எல்லாம் முடித்து, வீடு என்றால் என்ன என்று கொஞ்சம் பழக்கிக் காட்டி, ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள். பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், சம்பளம் வாங்காமல் சேற்றில் நிற்கிறவர்களின் தலையில் யாரோ போய் ஒற்றை நட்சத்திரம் குத்துவதற்கு நான் காரணமாக வேண்டாம். இந்த மாதிரி இடங்கள் இங்கிலாந்து முழுக்க இருக்கின்றன, நான் சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

இங்கிருக்கும் நம் தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியாது, அதனால் கொஞ்சம் முன்கதை. ரோம்ஃபோர்டில் லண்டன் ரோடு வழியாகப் பஸ்ஸில் போயிருந்தால் அங்கே இருக்கிற நாய்ப் பந்தய ஸ்டேடியத்தைக் கடந்திருப்பீர்கள். வால்தம்ஸ்டோ டிராக்கை 2008இல் மூடினார்கள், விம்பிள்டன் 2017இல், கிரேஃபோர்ட் 2025 ஜனவரியில். லண்டன் எல்லைக்குள் இப்போது மிச்சம் ரோம்ஃபோர்ட் ஒன்றுதான். ஆறு கூண்டு, ஆறு நாய், எண்ணுக்கு ஒரு நிறச் சட்டை, ஒன்றுக்குச் சிவப்பு, ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. முன்னால் இயந்திர முயல் ஓடும், பின்னால் இவை பறக்கும், 400 மீட்டர் ஓட்டம் 25 விநாடி சுமாரில் முடிந்துவிடும், ஆட்கள் அடுத்ததற்குப் பணம் கட்டக் கிளம்பிவிடுவார்கள். ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்து வளர்ந்து கப்பலேறி வந்தவை. ஒன்றேகால் வயதில் ஓட ஆரம்பித்தால் நாலு, நாலரை வயதில் காலில் அடிபடும், இல்லாவிட்டால் வேகம் அரை விநாடி குறையும், அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. ஆயுளோ 12, 13 வயது. மிச்சமுள்ள அந்த எட்டு வருஷம் எங்கே கழியும்?

ஒரு காலத்தில் அது கழியவே இல்லை. 2006இல் டர்ஹாம் பக்கம் சீஹாம் என்ற ஊரில், ஓடி முடித்த, உடம்பில் ஒரு குறையும் இல்லாத நாய்களை ஒருவர் வருடக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கொன்று நிலத்தில் புதைத்து வந்தது பத்திரிகையில் வெளிவந்தது. நாடே கொதித்தது. அப்புறம் விசாரணை, அறிக்கை என்று இழுத்து 2010இல் இங்கிலாந்தில் பந்தய நாய்களுக்கென்று தனி விதிமுறை வந்தது. டிராக்கில் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும், ஒவ்வொரு நாய்க்கும் அடையாளக் குறியும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும் என்றெல்லாம். 2020 செப்டம்பரில், இந்தப் பந்தயத்தைக் கட்டுப்படுத்துகிற பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியம் ஓய்வுத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் நாயைப் பதிவு செய்யும்போதே 400 பவுண்டு ஒதுக்க வேண்டியிருந்தது, பாதி உரிமையாளர், பாதி வாரியம். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பணம் வாரியம் ஒப்புக்கொண்ட காப்பகத்துக்குப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கருத்தடை, பல், தடுப்பூசி, சாப்பாடு, கென்னல் (நாய்க் கொட்டில்) வாடகை, கரண்ட் பில் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாய்க்கு வீடு கிடைக்க ஆறு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணம் எந்த மூலைக்கு? மிச்சம் முழுக்க ராஃபிள் குலுக்கல் சீட்டு, கேக் விற்பனை, பழைய துணிக்கடை, யாராவது உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போவது, இவ்வளவுதான் வருமானம். அலுவலக அறையில் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்திருக்கிறார்கள், மருந்து அலமாரி மட்டும் புத்தம் புதுசு. அது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விண்ணப்பப் படிவம் நீளம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். வீடு சொந்தமா வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதம், வீட்டில் யார் யார், குழந்தைகளுக்கு என்ன வயது, தினமும் எத்தனை மணி நேரம் நாய் தனியாக இருக்கும், வேலி எத்தனை அடி, பக்கத்து வீட்டில் பூனை உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நம் ஆட்கள் மாட்டுவார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை நாலு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் நாம். நாங்கள் எழுதிக் கொடுத்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாமல், சம்பந்தப்பட்ட நண்பரிடமே போன் போட்டுப் பேசி, அவருக்கு நாய் பழக்கம் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த படிக்கு விட்டார்கள். என் மனைவிக்கு எரிச்சல். எனக்கு அங்கேதான் இவர்கள் மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்து வீடு பார்க்க ஒரு தன்னார்வலர் வந்தார், தன்னுடைய கிரேஹவுண்டையும் கூட்டிக்கொண்டு. காரணம் இருக்கிறது, நாய் வந்து வரவேற்பறையில் நின்றால்தான் நமக்கே உறைக்கும் எவ்வளவு பெரிசு என்று. வாலை ஆட்டினால் காபி மேஜையில் ஒன்றும் மிஞ்சாது. அந்த அம்மாள் வீட்டைவிடத் தோட்டத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். வேலிப் பலகை ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார், ஷெட்டுக்குப் பின்னால் ஒன்று ஆடியது. "ஒரு அணிலைப் பார்த்தால் சில தாவலில் முழு வேகத்துக்குப் போய்விடும், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், இந்தப் பலகை அதற்குக் காகிதம். மாற்றிவிட்டுப் படம் அனுப்புங்கள்" என்றார். மாற்றினோம், படம் அனுப்பினோம், அதற்குப் பிறகுதான் நாயையே கண்ணில் காட்டினார்கள்.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூஜை அலமாரியைப் பார்த்துவிட்டு, "உங்கள் கலாசாரத்தில் நாயை வீட்டுக்குள் விடுவீர்களா?" என்று கேட்டார். என் மனைவி ஒன்றும் பேசாமல் அலமாரிக்குள் கைவிட்டு பைரவர் படத்தை எடுத்து நீட்டினாள், "எங்கள் சாமியே நாயோடதான் நிற்கிறார்" என்று. அந்த அம்மாள் அதையும் குறிப்பு எழுதிக்கொண்டார்! தாத்தா பாட்டிக்கு ஒத்துவரவில்லை என்று சில வீடுகளிலிருந்து நாய் திரும்பி வந்திருக்கிறதாம், அதனால் கேட்கிறார்களாம். அப்படியானால் எல்லாரிடமும் "வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குச் சம்மதமா" என்று கேட்டுவிட்டுப் போகலாமே. கேள்வி சரி, கேட்ட விதம் சரியில்லை. இதை எழுத்தில் அவர்களுக்கே அனுப்பினேன், படிவத்தை மாற்றுகிறோம் என்று பதில் வந்தது, மாற்றினார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது கென்னல். ஒவ்வோர் அறையிலும் இரண்டு நாய், தரையில் படுக்கைக்கு நறுக்கிய காகிதம், எங்கோ ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது, ரேஸ் கென்னலிலும் அப்படித்தான் இருக்குமாம், சத்தம் நின்றால் இவற்றுக்குத் தூக்கம் வராது. கதவுக்கு மேலே ஒரு பலகை: ரேஸ் பெயர், கூப்பிடும் பெயர், அதற்குக் கீழே அந்த நாயின் ஜாதகம். அந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டு போனாலே போதும், இந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும். "அன்பானவன், விளையாட்டுத்தனம்" மாதிரி விளம்பர வாசகம் ஒன்றுகூட இல்லை. "பூனை: கூடவே கூடாது." "தனியே விட்டால் கதவைத் தின்பாள்." "சாப்பாட்டுத் தட்டுக்கு அருகில் கை வைக்காதீர்கள்." சிவப்பு மையில், பெரிய எழுத்தில். விற்கிற எண்ணம் இருக்கிறவன் இப்படி எழுதமாட்டான்.

வெப்சைட்டில் நாங்கள் பார்த்து வைத்திருந்த புலிவரி பெண் நாய் எப்போதோ போய்விட்டது (இது இரண்டாவது குறை, படத்தை எடுக்கவே மாட்டார்கள் போல, எத்தனை பேர் ஆசையோடு வந்து ஏமாந்திருப்பார்கள்). இன்னொன்றைக் காட்டி இதைக் கொடுங்கள் என்றோம், முடியாது என்றார்கள். காரணம், அது பிறந்ததிலிருந்து தனியாகவே இருந்ததில்லை, நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டாவது நாய் இருக்கிற வீட்டுக்குத்தான் அது போகும். கெஞ்சினோம். மசியவில்லை. கென்னலைப் பார்த்துக்கொள்கிற பெண்மணிக்கு எழுபது வயது இருக்கும், ரப்பர் பூட்ஸ், கையில் எப்போதும் ஒரு சீப்பு. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு டெட் சரியாக இருப்பான்" என்றார். டெட் யார் என்று பார்த்தால், கடைசி அறையில் மல்லாந்து நான்கு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கிப் படுத்திருக்கிற, முகவாயில் நரை தட்டிய ஒரு கறுப்பன். கறுப்பு நாய்களை வருகிறவர்கள் கடைசியாகத்தான் பார்ப்பார்களாம், போட்டோவிலும் சரியாக விழாதாம். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்து அவனுடைய வலது பின்னங்காலில் வைத்தார், முழங்காலுக்குக் கீழே, குதிகால் மூட்டில். இடது காலையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இடதில் எலும்பு கத்தி மாதிரி தெளிவாக இருந்தது, வலதில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குக் கெட்டியாக முடிச்சு. எல்லா டிராக்கிலும் ஓட்டம் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் போகும், வளைவில் திரும்பும்போது உடம்பின் பாரம் முழுக்க அந்த வலது பின்னங்கால் மூட்டு எலும்பில் இறங்கும், அதனால் முறிந்தால் பெரும்பாலும் அங்கேதான் முறியும். "குளிர்காலத்தில் நொண்டுவான், பயப்படாதீர்கள், அதிகம் ஓடவிடாதீர்கள், வயதானபின் வலி மாத்திரை தேவைப்படும், அந்தச் செலவை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்." எல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொன்னது.

அன்று ராத்திரி அவனுடைய ரேஸ் பெயரைப் போட்டு வாரியத்தின் வெப்சைட்டில் தேடினேன். ஓடிய ஒவ்வோர் ஓட்டமும் வரிசையாக இருக்கிறது, நேரம், எடை, எந்தக் கூண்டு, பக்கத்தில் சுருக்கெழுத்தில் ஒரு குறிப்பு. மெதுவாகக் கிளம்பினான். முதல் வளைவில் நெருக்கப்பட்டான். நன்றாக ஓடினான். வெளிப்பக்கமாகப் போனான். முதல் வளைவில் முட்டினான். இப்படியே கீழே இறங்கிக்கொண்டு போனால் கடைசி வரியில், நொண்டிக்கொண்டு முடித்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கிரேஹவுண்ட் எடுக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், காப்பகத்தில் சொன்னது உண்மைதானா என்று சரிபார்க்கவும் உதவும். எங்களுக்குச் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

நன்கொடை என்ற பெயரில் 250 பவுண்டு வாங்கினார்கள். அதற்குக் கிடைத்தது: கருத்தடை செய்து, பல் சுத்தம் செய்து, சிப் போட்டு, தடுப்பூசி போட்ட நாய். கூடவே அகலமான கழுத்துப்பட்டை, லீஷ், பிளாஸ்டிக் வாய்க்கூடு, மழைக்கோட்டு ஒன்று, நம் முகவரி பொறித்த தகடு. பல்லைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கென்னலில் வருஷக்கணக்கில் ஊறவைத்த மெத்து மெத்தான சாப்பாடு தின்று இவற்றின் பல் படுமோசமாக இருக்கும், வெளியே கால்நடை மருத்துவரிடம் மயக்க மருந்து கொடுத்துச் செய்தால் நாம் கொடுத்த பணத்துக்கு மேல் அதற்கே போய்விடும். டெட்டுக்கு ஏழு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், பில்லைப் படிவத்தோடு இணைத்திருந்தார்கள்.

கழுத்துப்பட்டை அருமை. இந்த நாய்க்குக் கழுத்தைவிடத் தலை ஒல்லி, கடையில் வாங்குகிற சாதாரணப் பட்டையைப் போட்டால் பின்னால் ஓர் எட்டு வைத்து உருவிக்கொண்டு போய்விடும். இவர்கள் கொடுப்பது இரட்டை வளையப் பட்டை, இழுத்தால் தானாக இறுகும், ஆனால் கழுத்தை நெரிக்காது. இரண்டு அங்குல அகலம், உள்ளே துணி தைத்தது. வாய்க்கூடு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், எங்கள் தெருவில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தே போய்விட்டார். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கலாம், மூச்சு வாங்கலாம், அவனுக்கு அது பழகின பொருள், டிராக்கில் எல்லா ஓட்டத்துக்கும் போடுவார்கள். மழைக்கோட்டுதான் சுமார். தன்னார்வலர்கள் தைப்பது, துணி நல்ல துணி, வயிற்றுக்குக் கீழே மாட்டுகிற கிளிப் சீக்கிரமே உடைந்துவிட்டது. கோட்டு வாங்கும்போது கழுத்தடியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து அங்குலக் கணக்கில் வாங்குங்கள், எஸ், எம், எல் எல்லாம் இதற்கு உதவாது. உடம்பில் கொழுப்பே கிடையாது, முடியும் மெல்லிசு, நவம்பர் வந்தால் கோட்டு இல்லாமல் வெளியே காலே வைக்கமாட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் காப்பகத்தின் உண்மையான சேவையே. ரேஸ் நாய் மாடிப்படியைப் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்ததில்லை. டிவி, வாக்குவம், வாஷிங் மெஷின், நிலைக்கண்ணாடியில் தெரிகிற இன்னொரு நாய், ஒன்றுமே தெரியாது. லேமினேட் தரையில் நான்கு காலும் நாலு பக்கம் போகும். இதற்கெல்லாம் ஒரு கைப்புத்தகம் கொடுக்கிறார்கள், அதைவிட உபயோகம் வாட்ஸப் குழு. நாய் எடுத்த பழைய ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள், விடியற்காலை நாலு மணிக்கு "படி ஏறிவிட்டான், இறங்கத் தெரியாமல் மேலே நின்று அழுகிறான்" என்று போட்டால் ஐந்தே நிமிஷத்தில் பதில் வரும். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், ஒவ்வொரு காலாக எடுத்து அடுத்த படியில் வைக்க வேண்டும், முப்பது கிலோவைத் தூக்க முயலாதீர்கள். கண்ணாடிக் கதவில் நாயின் கண் மட்டத்துக்குப் பெயின்டர் டேப் ஒட்டுங்கள். தூங்கும்போது தொடாதீர்கள், பெயர் சொல்லி எழுப்புங்கள். பல நாய்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும், விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தைகள் போய்க் கட்டிப்பிடித்தால் பதறி எழுந்து கடித்துவிடும். இந்த ஒன்றை மட்டும் அந்த எழுபது வயதுப் பெண்மணி என் பையனை நிற்க வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

கைப்புத்தகத்தில் உணவுப் பட்டியல் இருக்கிறது: திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது. சரிதான், ஆனால் நம் வீட்டுச் சமையலறையை நினைத்து எழுதியதில்லை. நம் வீட்டில் கேசரியிலும் பாயசத்திலும் உலர்திராட்சை, சாம்பாரில் சின்ன வெங்காயம், சட்னியில் பூண்டு. டெட் நின்றபடியே சமையல் மேடையில் தாடையை வைப்பான், பின்னங்காலில் எழுந்தால் அலமாரியின் முதல் தட்டு வரை வாய் எட்டும். மீந்த சாதத்தில் குழம்பை ஊற்றி நாய்க்குப் போடுகிற ஊர்ப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். வெறும் சாதம், வேகவைத்த கோழி, உப்பு போடாத முட்டை தாராளமாகப் போடலாம், வந்த புதிதில் வயிறு போவதற்கும் அதுதான் மருந்து.

கால்நடை மருத்துவருக்காகத் தனியாக ஒரு தாள் தருகிறார்கள், அதற்காகவே அரை நட்சத்திரம் கூடப் போடலாம். கிரேஹவுண்ட் ரத்தம் மற்ற நாய் ரத்தம் மாதிரி இருக்காது, சிவப்பணு அதிகம், தைராய்டு அளவு இயல்பாகவே குறைவு. விஷயம் தெரியாத மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தைராய்டு நோய் என்று ஆயுசுக்கும் மாத்திரை எழுதிவிடலாம். மயக்க மருந்திலும் சில வகை இவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கள் கால்நடை மருத்துவர் அந்தத் தாளை வாங்கி ஸ்கேன் செய்து அவனுடைய பைலில் சேர்த்துக்கொண்டார்.

இனி மிச்சக் குறைகள். போனை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் "அவர் கென்னலில் இருக்கிறார், திரும்பக் கூப்பிடுவார்", கூப்பிடமாட்டார். தடுப்பூசி அட்டை கைக்கு வர வாரக்கணக்கில் இழுத்தது, அது இல்லாமல் இன்சூரன்ஸ்காரன் நகரமாட்டேன் என்கிறான். வேலை நாளில் சாயங்காலம் திறப்பதில்லை, ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குக் கஷ்டம். கார் இல்லாமல் போகவே முடியாது, பஸ் நிறுத்தத்திலிருந்து நடைபாதையே இல்லாத ரோட்டில் நடக்க வேண்டும். தீபாவளி பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கிலாந்துக்காரர்கள் நவம்பர் 5 ராத்திரி விடுகிற வெடிக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள், நம் ஆட்கள் நிறைந்த இல்ஃபோர்டிலும் ஈஸ்ட் ஹாமிலும் அதற்கு முந்தைய இரண்டு வாரமும் வெடிதான் என்பது எசெக்ஸ் வயல்காட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? திரையை இழுத்து மூடி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, படிக்கட்டுக்கு அடியில் போர்வை போட்டுக் கொடுத்தோம், அங்கேயே கிடந்தான். இந்த ஒரு பத்தியை அவர்களுக்கு எழுதித் தர நான் தயார் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு நெருடுகிற விஷயம் வேறு. அங்கே யாரும் ரேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். 2022இல் ஆர்எஸ்பிசிஏ, டாக்ஸ் டிரஸ்ட், புளூ கிராஸ் என்ற மூன்று விலங்கு நல அமைப்புகளும் சேர்ந்து இந்தப் பந்தயத்தையே நிறுத்துங்கள் என்று கேட்டன. வாரியமே வெளியிடுகிற கணக்கில் 2023இல் மட்டும் 4,200க்கு மேல் காயம். தினமும் அந்தக் காயங்களைக் கழுவிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கருத்து இல்லாமலா இருக்கும்? ஆனால் அந்த ஓய்வுப் பணம் வாரியம் வழியாகத்தான் வர வேண்டும், ஓடி முடித்த நாய்களை ஏற்றிவருகிற டிரெய்னர் வேன் இந்த வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். வெளிப்படையாகத் திட்டினால் வேன் வேறு எங்கே போகும், அல்லது எங்கும் போகாமலே நின்றுவிடுமா என்ற பயம். முதலில் எனக்கு இது கோழைத்தனமாகப் பட்டது. காப்பகத்து நாய்களைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு நடைக்குப் போய்வந்த பழக்கத்தில் ஒரு தடவை மெதுவாகக் கேட்டேன். பூட்ஸ் அம்மாள் பதில் சொல்லாமல் திரும்பக் கேட்டார்: "நாளைக்கே எல்லா டிராக்கையும் மூடினால் நாளை மறுநாள் எத்தனை நாய் என் வாசலில் நிற்கும்?"

அதுவும் நியாயம்தான். சீனாவின் மக்காவ் நகரில் 2018 ஜூலையில் டிராக்கை மூடியபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் ஒரே நேரத்தில் நடுத்தெருவுக்கு வரும் நிலை, உலகம் முழுக்க வீடு தேடி அலைந்தார்கள். நியூசிலாந்து 2024 டிசம்பரில் தடை அறிவித்தபோது உடனே மூடாமல் இருபது மாதம் அவகாசம் கொடுத்ததற்கு இதுதான் காரணம். வேல்ஸும் 2025 பிப்ரவரியில் தடை என்று சொல்லிவிட்டது, அப்போது அங்கே இருந்தது ஒரே ஒரு டிராக். என் கட்சி மூட வேண்டும் என்பதுதான், ஆனால் மூடுகிற தேதியை முடிவு பண்ணுகிற கூட்டத்தில் இந்த மாதிரி காப்பகக்காரர்களுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தபோது ஒரு வாரம் அவனைத் தொடவே இல்லை, சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுத் தடுத்து வைத்திருந்தார். அப்புறம் ஒருநாள் தோட்டத்தில் அவன் அணிலை விரட்டியதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, இது நம்ம ஊரு கன்னி நாய்ல? முயலுக்குப் போற நாய இங்க வச்சிருக்க?" என்றார். தப்பில்லை, அதே ஒட்டிய வயிறு, அதே வளைந்த முதுகு, கன்னியும் சிப்பிப்பாறையும் இதே வேலைக்கென்று வளர்ந்தவைதான். கென்னலில் அவன் டெட், அம்மாவுக்குக் கருப்பன். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கமாட்டான், பிஸ்கட் டப்பா திறந்தால் மட்டும் எந்த அறையிலிருந்தும் வருவான்.

யாருக்கு இது சரிவரும்? ஓட்டக்கார நாய், தினமும் பத்து மைல் ஓட வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம், காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி நடை, மிச்ச நேரம் சோபா. குரைப்பது அபூர்வம், அடுக்குமாடியிலும் வளர்க்கிறார்கள். பூனை, முயல் வைத்திருப்பவர்கள் பலகையை நம்பி முடிவெடுங்கள், ஆசையை நம்பாதீர்கள். திறந்த வெளியில் லீஷைக் கழற்றிவிட வேண்டும் என்ற கனவு இருந்தால் வேறு நாய் பாருங்கள். காவலுக்கு வேண்டும் என்றால் நிச்சயம் வேறு நாய்தான், எங்கள் வீட்டுக்குத் திருடன் வந்தால் டெட் எழுந்து சோபாவில் இடம் விடுவான்.

எடுக்க முடியாதவர்கள் ஞாயிறு காலை நடைக்குப் போகலாம், பதிவு செய்ய வேண்டியதில்லை, பத்து மணிக்கு முன்னால் போனால் ஆளுக்கொரு நாயைக் கையில் கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குப் பதினாறு ஆகியிருக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். பழைய போர்வை, குவில்ட் இருந்தால் எடுத்துப் போங்கள், வாங்கிக்கொள்வார்கள். இறகு அடைத்தது மட்டும் வேண்டாம், ஒரே ராத்திரியில் கிழித்து கென்னல் முழுக்கப் பறக்கவிட்டுவிடும். கார்டு மெஷின் பாதி நாள் வேலை செய்யாது, ராஃபிள் சீட்டுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.